பன்னிரண்டாவது கல்

செகந்திராபாத்
ஜனவரி 14, 2008

நாணி,

நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. நீ நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பா வீட்டை விற்கிற தெம்பு எங்கிருந்து வரும்?

போன வாரம் மைசூரில் சுப்பவ்வா மகள் கல்யாணம். நீ வரவில்லை. ஏன் வரவில்லை என்பது எனக்குப் பந்தியில்தான் தெரிந்தது. தட்டில் பன்றிக்கறியும் கடம்புட்டு அரிசி உருண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சுப்பவ்வா பக்கத்தில் வந்து, "என்ன தேச்சக்கா, உங்க வீட்டுல நீச்சல் குளம் வருதாமே! எங்களுக்கெல்லாம் ரூம் வாடகையில தள்ளுபடி உண்டா?" என்றாள். ஏதோ கேலி என்று நினைத்து நானும் சிரித்தேன். "உனக்கு இலவசம்டி" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். அப்புறம்தான் அவள் முகம் மாறியது. "அக்கா, நெசமாவே உங்களுக்குத் தெரியாதா? வீடு, காப்பி, வயலு எல்லாத்தையும் சேத்து நாணய்யா பெங்களூர்க்காரனுக்கு எழுதிக் கொடுத்துட்டாராம்."

பந்தியில் சுற்றி இருந்தவர்கள் கை அப்படியே நின்றது. நான் பாதியில் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. உன் பெண்டாட்டி பொன்னவ்வா எடுத்து, "அவர் தோட்டத்துல இருக்காரு அக்கா" என்கிறாள். விடிந்ததும் கூப்பிட்டாலும் தோட்டம், இருட்டிய பிறகு கூப்பிட்டாலும் தோட்டம். அவ்வளவு பாசம் இருந்தால் அந்தத் தோட்டத்தை ஏனடா விற்கிறாய்?

அப்பா போன பிறகு சொத்தைப் பிரி என்று நான் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. மிளகு என்ன விலைக்குப் போனது, காப்பிக்கு என்ன கிடைத்தது என்று கேட்டதில்லை. நீ இருந்து பார்த்துக்கொள்கிறாய், உன் வீடும் அதுதான் என் வீடும் அதுதான் என்று இருந்துவிட்டேன். பிரிக்காத சொத்தை ஒருத்தன் மட்டும் எப்படி விற்பான்? எழுத்தில் பதில் போடு.

தேச்சம்மா


பேரளூர், விராஜ்பேட்டை வழி
ஜனவரி 25, 2008

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கவரைக் கொடுக்கும்போதே தபால்காரர், "கையெழுத்தே கோபமா இருக்கே சார், அக்காவா?" என்றார்.

விற்கவில்லை. ஒப்பந்தம் மட்டும்தான் போட்டிருக்கிறேன். பதிவு ஏப்ரலில். சுப்பவ்வா ஒன்றைக் கேட்டு மூன்றாகச் சொல்கிறவள் என்பது உனக்குத் தெரியாததா?

நீ கடைசியாக மேட்டுக் காப்பிக்குள் நடந்தது எப்போது? அரபிகாவைத் தண்டுப் புழு தின்றுவிட்டது. செடியைப் பிடித்து உலுக்கினால் கையோடு வருகிறது. பிடுங்கிப் பிடுங்கி எரித்ததில் மேடு பாதி மொட்டை. வயலில் நெல் போட்டால் அறுவடை யானைக்கு. பறிக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தால் புது மாப்பிள்ளையைப் போல ஜீப் அனுப்பி அழைத்து வர வேண்டும். பொன்னவ்வாவுக்கும் உடம்பு சரியில்லை. மைசூரில் ஒரு சின்ன வீடாகப் பார்த்துப் போய்விடலாம் என்று நினைத்தேன். வாங்குகிறவர் மனோகர் என்று ஒருவர். வீட்டை இடிக்கப் போவதில்லை. "இந்த மரத்தூணுதான் சார் அழகே" என்றார். உள்ளே குளியல் தொட்டி வைப்பாராம். வைத்துக்கொள்ளட்டும்.

உன்னைக் கேட்கவில்லை என்கிறாய். எங்கள் வக்கீலிடம் முதலிலேயே உன் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "கல்லு எண்ணிக் கொடுத்து அனுப்பின பொண்ணு. அவங்க எந்த வீடோ அந்த வீட்டுலதான் பங்கு. உங்க வழக்கம் நான் சொல்லணுமா?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே அக்கா. நம் முற்றத்தில் ஊரே கூடியிருக்க, நம் பக்கம் பேச நின்ற பெரியப்பா, மாப்பிள்ளை பாவாவின் வீட்டார் கையில் உன் உரிமைகளுக்காகக் கல் எண்ணிக் கொடுத்தார். நான்தான் உனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றையிலிருந்து நீ அவர்கள் வீட்டுப் பெண். பூவய்யா பாவா தன் ஊர் நிலத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தபோது நான் ஏதாவது கேட்டேனா?

கோபப்படாதே. உனக்கு வருத்தம் இல்லாமல் ஏதாவது செய்கிறேன்.

நாணய்யா


செகந்திராபாத்
பிப்ரவரி 4, 2008

நாணி,

"எங்கள் வக்கீல்." இந்த எங்களில் நான் இல்லை, அப்படித்தானே?

குடை பிடித்தேன் என்கிறாயே, பிடித்தவன் கண்ணை மூடிக்கொண்டா நின்றாய்? எத்தனை கல் எண்ணினார் பெரியப்பா? நீ சொல்லமாட்டாய், நானே சொல்கிறேன். பன்னிரண்டு கல் இருந்தது. அவர்கள் பக்கம் கொடுத்தது பதினொன்று. ஒன்றைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். நம்மவர்கள் ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒன்றை நிறுத்தி வைக்கிறார்களே, எண்ணத் தெரியாமலா வைக்கிறார்கள்?

வண்டி ஏறும் முன் பெரியப்பா என் காதருகே குனிந்தார். பட்டுத் துணியில் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறேன். "அழாத. பதினொண்ணுதான் அங்க போகுது, ஒண்ணு இங்க இருக்கு. நாளைக்குப் புருஷன் போனாலும் சரி, அந்த வீடு ஒத்துவராட்டியும் சரி, நீ யார்கிட்டயும் கெஞ்ச வேணாம். அந்த ஒரு கல்லுக்கு நீ வரலாம்" என்றார். புது மணப்பெண்ணிடம் புருஷன் போனால் என்று சொல்கிறாரே என்று அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

மற்ற வீடுகளில் சடங்கு முடிந்ததும் அந்தக் கல்லைத் தோட்டத்தில் எறிந்துவிடுவார்கள். அப்பா எறியவில்லை. சிவப்புத் துணியில் முடிந்து, தொங்குவிளக்குக்கு நேர் எதிர் மாடத்தில் வைத்தார். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்ப்பேன். உன் மனோகர் குளியல் தொட்டிக்குக் குழாய் விடப் போவது எந்தச் சுவரில்? அந்த மாடத்தையும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்தாயா?

நானும் ஒரு வக்கீலைப் பிடித்தேன். மடிக்கேரியில் ஒரு அம்மாள். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சட்டம் மாறியாச்சும்மா, உங்க தம்பி வக்கீலு பழைய புஸ்தகம் படிக்கிறாரு" என்றார். பிறகு, "பிரிக்காத சொத்துல இது என்னது, அது அவனதுன்னு வெரல் நீட்ட முடியாது. ஒவ்வொரு பிடி மண்ணுலயும் ரெண்டு பேரும் இருக்கீங்க. நீங்க இல்லாம அவரு முழுசா விக்க முடியாது" என்றார். எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. தபாலில் வந்த வழக்குக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

தேச்சம்மா


பேரளூர்
பிப்ரவரி 27, 2008

அக்காவுக்கு,

உன் காகிதம் வந்து சேர்ந்தது. நான் தோட்டத்தில் இருந்தேன். இந்த முறை நிஜமாகவே தோட்டத்தில்தான். ரொபஸ்டா பறிக்க வந்த ஆட்கள் களத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். கோர்ட் அமீனா வந்து, எல்லோருக்கும் முன்னால் நம் குடும்பப் பெயரோடு என் பெயரைச் சத்தமாகப் படித்தார். "கூவளேரா நாணய்யா யாரு?" என்று என் வீட்டு வாசலில் நின்று என்னையே கேட்டார். ஆள்காரி ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "யாரு கேஸ் போட்டதாம்?" என்றாள். "கூடப் பொறந்தவதான்" என்றாள் மற்றவள். நான் உள்ளே போய்விட்டேன். பொன்னவ்வாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள்.

பொன்னவ்வாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தேன். என்ன உடம்பு என்று நீ ஒரு வரி கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு முறை மைசூர் போய் இரத்தம் சுத்தம் செய்துவிட்டு வர வேண்டும். விடியும் முன் கிளம்பினால் பொழுது சாய்ந்து திரும்புகிறோம். வரும் வழியில் ஹுன்சூர் தாண்டியதும் ஜீப்பை நிறுத்தி வாந்தி எடுப்பாள். "இன்னும் எவ்வளவு தூரங்க?" என்று வாரம் தவறாமல் போகிற சாலையில் கேட்கிறாள். மனோகர் கொடுத்த முன்பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போனது. இப்போது அவர் வக்கீல் அதைத் திருப்பிக் கேட்கிறார்.

கல்லைப் பற்றி நீட்டி எழுதியிருக்கிறாய். பாவா போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்தக் கல்லுக்கு நீ வந்தாயா? நான் போன் செய்தபோதெல்லாம், "மகன் வீட்டுல ராணி மாதிரி இருக்கேன்டா, என்னைப் பத்திக் கவலைப்படாத" என்றுதானே சொன்னாய்? ராணிக்கு ஒழுகுகிற ஓட்டு வீட்டில் என்ன வேலை? விற்கிறேன் என்றதும் மாடம் ஞாபகம் வந்துவிட்டது. உனக்கு வேண்டியது பங்கு. அதைச் சொல்லிவிட்டுப் போ. பெரியப்பாவை ஏன் இழுக்கிறாய்?

நாணய்யா


செகந்திராபாத்
மார்ச் 10, 2008

நாணிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எத்தனையோ முறை எழுத உட்கார்ந்தேன். கிழித்துப் போட்டேன். இதையாவது அனுப்ப வேண்டும்.

பொன்னவ்வா எப்படி இருக்கிறாள்? ஏனடா சொல்லவில்லை? அவள் போனை எடுத்து, "நல்லா இருக்கேன் அக்கா" என்று சொல்லும்போது குரல் ஒரு மாதிரி இருக்கும். என்னிடம் பேசப் பிடிக்காமல் அப்படிப் பேசுகிறாள் என்று நினைத்தேன். என் புத்தி அப்படிப் போயிருக்கிறது.

நான் ராணி மாதிரி இல்லை. முத்தண்ணா நல்ல பிள்ளை. ஸ்ரவந்தியும் நல்ல மருமகள். குரலை உயர்த்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் இந்த வீட்டில் இரண்டு அறை. ஒன்று அவர்களுக்கு, ஒன்று குழந்தை படிக்க. நான் ஹாலில், மடக்குக் கட்டிலில். காலையில் எல்லோரும் எழுந்திருக்கும் முன்னால் நான் எழுந்து கட்டிலை மடக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட வேண்டும். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானே செய்கிறேன். ஸ்ரவந்தி வீட்டார் கறி சாப்பிடாதவர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த, பன்றிக்கறிக்கு ஊற்றுகிற கச்சம்புளி பாட்டிலை ஒரு நாள் திறந்தேன். அவள் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தாள். அந்த பாட்டில் இப்போது என் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே இருக்கிறது. பாவா போன பிறகு என் புடவையெல்லாம் கச்சம்புளி வாசனை அடிக்கிறது என்றால் சிரிப்பாய்.

அப்படியானால் ஏன் வரவில்லை என்று கேட்பாய். கல் இருக்கிறது என்றால் கல்லுக்குக் கால் இல்லையே. பிறந்த வீட்டில் ஒருத்தர் "வா" என்று சொல்ல வேண்டும். பாவாவின் ஊரில் நடந்த காரியத்துக்கு நீ வந்தாய். எல்லாம் முடித்து ஜீப்பில் ஏறினாய். நான் வாசலில் நின்றேன். நீ சொல்லுவாய் என்று நின்றேன். "உடம்பைப் பாத்துக்கோ அக்கா" என்று சொல்லிவிட்டு நீ கண்ணாடியை ஏற்றிவிட்டாய். அதற்குப் பிறகுதான் ராணி மாதிரி இருக்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

எனக்குப் பங்கு வேண்டாம். மேட்டுக் காப்பியை விற்று பொன்னவ்வாவுக்குச் செலவு செய். வயலையும் வில். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். வீட்டையும் களத்தையும் மட்டும் விட்டுவிடு. இதைக் கேட்கவா கோர்ட்டுக்குப் போனாய் என்று திட்டு. திட்டினால் பரவாயில்லை.

அக்கா


பேரளூர்
மார்ச் 11, 2008

தேச்சம்மாவுக்கு,

தடையுத்தரவு வந்துவிட்டது. மனோகர் விலகிக்கொண்டார். "அக்கா தம்பி சண்டைக்குள்ள நான் எதுக்கு சார்?" என்று சொல்லிவிட்டார். இனி கோர்ட் முடிகிற வரை ஒரு மிளகுக் கொடியைக்கூட விற்க முடியாது என்கிறார் வக்கீல். நேற்று மைசூரிலிருந்து திரும்பும்போது பொன்னவ்வா, "இனிமே நான் வரல, என்னை வீட்டுலயே விட்டுடுங்க" என்றாள். உனக்குச் சந்தோஷம்தானே?

கல் கல் என்றாய். கூட ஒரு அட்டைப் பெட்டி அனுப்பியிருக்கிறேன். உன் பன்னிரண்டாவது கல் அதில் இருக்கிறது. இப்போது எல்லாக் கல்லும் உன்னிடம் வந்துவிட்டது. இந்தப் பக்கம் உனக்கு ஒன்றும் மிச்சம் இல்லை. கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

கூவளேரா நாணய்யா


பேரளூர்
மார்ச் 18, 2008

அக்கா,

உன் பத்தாம் தேதிக் கடிதம் நேற்றுதான் கையில் கிடைத்தது. நான் மறுநாளே அந்தப் பெட்டியை அனுப்பிவிட்டேன். பெட்டி வந்தால் பிரிக்காதே. தபால்காரர் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடு. இல்லையென்றால் ஸ்ரவந்தியை, ஆள் ஊரில் இல்லை என்று சொல்லச் சொல். இந்தக் கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன், முன்னால் வந்துவிடும்.

விராஜ்பேட்டை தபால் ஆபீசுக்குப் போய்ப் பெட்டியை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். "அதுல என்ன சார் அவ்வளவு விலை ஒசந்த பொருள்?" என்றார் அங்கிருந்த பெண். கல் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

உனக்குப் போன் செய்தேன். ஸ்ரவந்தி எடுத்து, நீ பேச மாட்டேன் என்கிறாய் என்றாள். பெட்டி வந்துவிட்டதோ என்று அவளிடம் கேட்க வாய் வரவில்லை.

ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். அது அந்தக் கல் இல்லை. கோபத்தில் மாடத்தில் கை விட்டுப் பார்த்தேன். துணி மட்டும்தான் இருந்தது, எலி கடித்துத் துளைத்திருந்தது. கல்லைக் காணோம். அரிசிப் பெட்டி, தரை, பரண் எல்லா இடமும் தேடினேன். அந்த நேரத்தில் என் புத்தி எங்கே போனதோ, களத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஆகவே உண்மையான கல் இந்த வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. இங்கேதான் எங்கேயோ கிடக்கிறது. நான் உன்னை அனுப்பவில்லை அக்கா.

ஜீப் கண்ணாடியைப் பற்றி எழுதியிருக்கிறாய். அன்றைக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன். ஆனால் வீட்டை விற்றுவிடலாம் என்ற யோசனை எனக்கு அப்போதே ஆரம்பித்துவிட்டது. விற்கப் போகிற வீட்டுக்கு உன்னை எப்படி வா என்று கூப்பிடுவது?

பொன்னவ்வாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கச்சம்புளி வந்த இடத்தில் சிரித்தாள். பிறகு அழுதாள். அடுத்த முறை மைசூர் வருகிறேன் என்கிறாள்.

நாணி


செகந்திராபாத்
மார்ச் 25, 2008

நாணி,

பிரித்துவிட்டேன். உன் ஸ்பீட் போஸ்ட் வரும் முன்பே பெட்டி வந்துவிட்டது.

"என்ன அத்தை, ஊர்லேர்ந்து காப்பித் தூளா?" என்று ஸ்ரவந்தி கத்திரிக்கோல் எடுத்து வந்தாள். நானும் காப்பித் தூள் என்றுதான் நினைத்தேன். சமாதானமாகப் போக அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்தேன் என்று வைத்துக்கொள். கல்லைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அழகா இருக்கே, கழுவி மீன் தொட்டில போடட்டுமா அத்தை?" என்று கேட்டாள். பாவம், அவள் நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். பாவா போனபோதுகூட அப்படி அழவில்லை. அன்றைக்குப் புருஷன்தான் போனார். இன்றைக்கு எனக்கு ஊரே போய்விட்டது என்று தோன்றியது. நீ போன் செய்தபோது அதனால்தான் வரவில்லை.

உன் கடிதத்தைப் படித்த பிறகு கோபம் இன்னும் அதிகமானது. பொய்க் கல்லுக்கா இவ்வளவு அழுதேன் என்று. கல்லை வெளியே எறிய ஜன்னலைத் திறந்தேன். கீழே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள், அதனால் எறியவில்லை. கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். உன் களத்துக் கல்தான், காப்பித் தோல் ஒட்டியிருந்தது. அப்பா எடுத்து வைத்ததும் அந்தக் களத்துக் கல்தானே? வக்கீல் அம்மாள் சொன்னதில் அன்றைக்குப் புரியாத பாதி இப்போதுதான் புரிந்தது. இதுதான் என்னுடையது என்று விரல் நீட்ட முடியாது. ஆகவே நீ எதைப் பொறுக்கி அனுப்பினாலும் அதில் நான் இருக்கிறேன். நீ அனுப்பியது என்னைத்தான். கல் மாறிப்போச்சு என்று நீ தப்பிக்க முடியாது.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். மேட்டையும் வயலையும் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு விற்போம். பக்கத்துத் தோட்டக்காரர்கள் வாங்குவார்கள், நானே பேசுகிறேன், நீ பேசினால் குறைத்துவிடுவாய். நீங்கள் இரண்டு பேரும் மைசூருக்குப் போங்கள். பொன்னவ்வா இனி அந்தச் சாலையில் போகக் கூடாது. வீட்டில் நான் இருக்கிறேன். ஓடு ஒழுகினால் பாத்திரம் வைத்துக்கொள்கிறேன். புத்தரி அறுவடைப் பண்டிகைக்கு நீங்கள் வந்து சேருங்கள், கதிர் அறுக்க வயல் இருக்காது, யாரிடமாவது ஒரு பிடி கேட்டு வாங்கலாம்.

ஆனால் வழக்கை இப்போது வாபஸ் வாங்கமாட்டேன். கோபமாக இருக்கிறேன், நம்பிக்கையும் குறைவாக இருக்கிறது. நீ தபாலில் அனுப்பிய கல் மறுபடியும் உள்ளே போக வேண்டும், அதற்குப் பிறகுதான். பெண்ணுக்குக் கல் கொடுத்து அனுப்ப நம்மிடம் சடங்கு இருக்கிறது, திருப்பி வாங்க இல்லை. யாரும் இதுவரை இப்படி ஒரு முட்டாள்தனம் செய்ததில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் இரண்டாம் தேதி காலை மைசூர் பஸ்ஸில் வருகிறேன். ஜீப் அனுப்பாதே, நடந்து வருகிறேன். படிக்கட்டுக்குக் கீழே நிற்பேன். நீ மேலே நின்று கையை நீட்டு, கல்லை வைக்கிறேன். ஒரு வார்த்தைக்கு மேல் பேசாதே, பேசினால் சண்டை வரும். நீ கை நீட்டாவிட்டால் கல்லைக் களத்தில் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன், பிறகு நாம் வக்கீல்கள் மூலமாகவே பேசிக்கொள்ளலாம்.

பொன்னவ்வாவை வெளியே வரவிடாதே. அவள் "வாங்க அக்கா" என்று சொன்னால் நான் உள்ளே வந்துவிடுவேன். அது நீ சொல்ல வேண்டிய வார்த்தை.

அக்கா